ஏழு சிவப்பு வாளிகள்

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான், சனங்கள் கலகம் பண்ணுவார்கள், எதற்கும் தயாராக இருங்கள் என்று சங்கரன்கோவிலிலிருந்த அந்தச் சின்னச் சர்க்கார் கச்சேரிக்கும் மேலிடத்து உத்தரவு வந்தது. வராந்தாவில் சிவப்பு வாளிகள் ஏழு. தீப்பிடித்தால் கொட்டுவதற்கு வாளி நிறைய மண். பியூன் வெள்ளத்துரை குளத்தங்கரையில் செம்மண் வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து நிரப்பினார். மனுசர் சோம்பேறி இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போனால் அநியாயம்.

கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. வராந்தாவில் நிழலுக்கு ஒதுங்கிய சனம் செம்மண்ணைக் கண்டதும் கோயில் புற்றுமண் என்றே முடிவு கட்டிவிட்டது. ஒருத்தி நெற்றியில் இட்டாள். அடுத்தவள் முந்தானையில் முடிந்தாள். அவ்வளவுதான், வாளியைச் சுற்றிக் கும்பிடு தொடங்கிவிட்டது.

"ஏ தாயி, இது தீ அணைக்கிற மண்ணு. சாமி மண்ணு இல்ல" என்றார் வெள்ளத்துரை.

"எல்லாம் கோமதியம்மா பூமிதான அண்ணாச்சி" என்றாள் மாடத்தி. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க வந்தவர்களை மறித்த வழக்கில் அவள் மகன் மருதப்பன் கச்சேரிக் கொட்டடியில் அடைபட்டிருந்தான். திருவிழா முடிந்தும் அவள் தினம் கஞ்சி கொண்டுவந்தாள். போகும்போது, மகன் வெளியே வர வேண்டுமென்று ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டாள்.

வாளிகளில் அடிமண் மட்டும் மிஞ்சியது. இந்த நேரம் பார்த்துத் தணிக்கை. வெள்ளத்துரை அவசரத்துக்கு அடியில் நெல் உமியைக் கொட்டி, மேலே நாலு விரற்கடை மண்ணைப் பரப்பினார். அதிகாரி எட்டிப் பார்த்தார், 'வாளி ஏழு, நிறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விரலை விட்டுப் பார்க்க அவருக்கென்ன தலையெழுத்தா? பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தார் வெள்ளத்துரை. பதினைந்து நாள் போயிற்று.

பட்டப்பகல். தேசத் தலைவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்ற சேதி வந்த மூன்றாம் நாள், மருதப்பனை மீட்க அரிவாளும் கம்புமாக இருநூறு பேர் வந்தார்கள். முதல் கல்லில் குமாஸ்தாவின் மண்டை பிளந்தது. காவல்காரன் இசக்கிப்பாண்டி பயத்தில் சுட, முன்னால் வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் சரிந்தான். ரத்தத்தைக் கண்டதும் கூட்டத்துக்கு வெறி ஏறிவிட்டது. இசக்கிப்பாண்டியைப் புரட்டிப் போட்டு மிதித்தார்கள், பல் உதிர்ந்தது. அவன் பின்பக்கமாகத் தப்பி ஓடினான், இடுப்பிலிருந்த கொட்டடிச் சாவியும் அவனோடு போய்விட்டது. எவனோ ரிக்கார்டு அறைக்குள் தீப்பந்தத்தை எறிந்தான். அந்த அறைக்கும் கொட்டடிக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான் என்று எறிந்தவனுக்குத் தெரியாது.

"ஏலே, மருதப்பன் உள்ள கெடக்கான்" என்று கத்திக்கொண்டே வெள்ளத்துரை முதல் வாளியைத் தடுப்பின்மேல் வீசினார். மண் கீழே விழுந்தது. உமி பறந்து குப்பென்று பிடித்தது. தீ உத்தரத்துக்குத் தாவியது.

மற்ற வாளிகளின் மேல்மண்ணை மட்டும் கையால் வாரி வாரிப் போட்டார். எல்லாம் சேர்ந்து ஒரு கூடை தேறவில்லை.

"அண்ணாச்சி, கதவு... கதவு அண்ணாச்சி" என்று கொட்டடிக்குள்ளிருந்து மருதப்பன் கத்தினான்.

தீயில் பழுக்கக் காய்ந்திருந்த பூட்டை ஒரு கையால் பிடித்து வாளியால் அடித்தார். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. கை மாற்றி அடித்தார். பூட்டு திறக்கவில்லை. உள்ளே சத்தம் நின்றுபோயிற்று.

விசாரணைக்கு வந்தவர் அதே அதிகாரி. "உள்ள உமிதான்யா இருந்துது. நான்தான் போட்டேன்" என்றார் வெள்ளத்துரை.

"நிறைவுன்னு நான் எழுதியிருக்கேன். நீ போ" என்று அவர் பேனாவை மூடினார்.

பத்தாம் நாள் மாடத்தி வந்தாள். "எம் புள்ளைக்காக வெந்த கை" என்று அழுதாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த மண்ணைக் குழைத்து அவர் புண்ணில் பூசினாள்.

"மாடத்தி, இந்த மண்ணு..."

"புத்துமண்ணு அண்ணாச்சி. சீக்கிரம் ஆறிரும்."

உமியைப் பற்றிச் சொல்லாமலே மற்றக் கையையும் நீட்டினார். அந்தக் கோழைத்தனத்துக்குத் தன்னை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

சுதந்திரம் வந்தது, கச்சேரியைப் புதிதாகக் கட்டினார்கள். ஐம்பத்தைந்தாம் வருஷம் ஓய்வு பெறும்வரை காலையில் வந்ததும் ஏழு வாளியிலும் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார் வெள்ளத்துரை. ஆடித்தபசுக்கு மாடத்தி வருவாள், ஒரு பிடி அள்ளுவாள். அவர் தடுத்ததில்லை. அவள் தெரு முனையைத் தாண்டியதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போவார்.