பாலேஸ்வரி அழைக்காத சாட்சி

பாலேஸ்வரி அக்கா 2001இல் எங்கள் காமன்ட்டுக்கு வந்தார். மட்டக்குளியில் சட்டை தைக்கும் தொழிற்சாலை. நான் இரண்டு வருடம் பிந்தி வந்து, அதே வரிசையில் அவருக்கு இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்தேன். என் பெயர் எவ்லின். இரண்டு பேருக்கும் வீடு கொட்டாஞ்சேனை. ஒரே பஸ்ஸில் போய் வந்தோம்.

அக்கா சாவகச்சேரிப் பக்கம் பிறந்து, இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தவர். உயரமில்லை, குரலும் பெரிதில்லை. யார் என்ன சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். சிங்களத்தைப் பிழை விட்டுப் பேசுவார்; அதற்காக ஒருநாளும் பேச்சை நிறுத்தியதில்லை.

2017இல் தொழிற்சங்கக் கிளை தொடங்க நினைத்தபோது முதல் தடை வீட்டிலேயே வந்தது. அவருடைய கணவர் நாகேந்திரம் அண்ணை கொச்சிக்கடையில் ஒரு களஞ்சியத்தில் ஸ்டோர்கீப்பர். யுத்த காலத்தில், ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் பதினொரு நாள் உள்ளே இருந்தவர். யாரோ எழுதிக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இருந்ததாம். அதன்பிறகு ஒரு கடதாசியில் பெயர் எழுதுவதென்றாலே பேனையைத் தள்ளி வைத்துவிடுவார். பெயர் எழுதுகிற வேலை எங்களுக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். எங்களில் தமிழ்ப் பெண்கள் பலருக்கும் அதே பயம்தான். அக்கா ஞாயிறு பின்னேரங்களில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். படிவத்தில் முதலாவதாகத் தன் பெயர் இருப்பதைக் காட்டினார். ஒன்பது மாதத்தில் நூற்றெழுபது பேர் சேர்ந்தோம். கழிப்பறைக்குப் போக டோக்கன் எடுக்க வேண்டும் என்றிருந்த வழக்கம் அந்தக் கிளையால்தான் நின்றது.

2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு பூசையின்போது, கொச்சிக்கடைக் கோயிலில் ஒரு முஸ்லிம் தீவிரவாதக் குழுவின் குண்டு வெடித்தது. நான் குடியிருக்கும் ஒழுங்கையிலும் சாவு விழுந்தது. அதன்பிறகு எங்கள் வரிசையில் இருந்த ஒரே முஸ்லிம் பெண் மஸாஹிராவோடு பலர் கதைப்பதை விட்டோம். நானும் விட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அக்கா மட்டும்தான்.

அந்த ஆகஸ்டில் மஸாஹிராவுக்கு வயிற்றில் ஆறு மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வயிற்றுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சுப்பவைசரிடம் கேட்டாள். அவசர ஓடர், டார்கெட் முடியட்டும் என்றார் அவர். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் கேட்டாள். பத்தரைக்கு மூன்றாம் தரம் கேட்டபோது அவளால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். யாரிடமும் கேட்காமல் அவளைத் தாங்கிக்கொண்டு வெளியே போய் ஓட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் பிந்திவிட்டது என்றார்கள். ஆண் பிள்ளை.

அக்கா நடந்ததை நடந்தபடி எழுதித் தொழில் திணைக்களத்துக்கு அனுப்பினார். பிரதியை அங்கத்தவர்களுக்கும் கொடுத்தார். இரண்டு கிழமைக்குள் நிர்வாகம் மஸாஹிராவைக் கூப்பிட்டது. அவளுடைய கணவர் அஸாமும் அதே கம்பனியில்தான் வேன் ஓட்டினார். இந்த நேரத்தில் உங்கள் ஆட்களுக்கு வெளியில் யார் வேலை தருவார்கள் என்று அவளைக் கேட்டார்களாம். தான் போக அனுமதி கேட்கவே இல்லை என்ற கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். அதை வைத்து, பொய் பரப்பிக் கம்பனியின் பெயரைக் கெடுத்தவர் என்று அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அதற்கு முன் உள்விசாரணை ஒன்று வைத்து, வரிசையில் இருந்த எல்லாரையும் கேட்டார்கள். என்னையும் கேட்டார்கள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். கேட்டது. மூன்று தரமும் கேட்டது.

வழக்கு தொழில் நியாய சபைக்குப் போனது. கொரோனாவால் தவணை தள்ளித் தள்ளி மூன்று வருடம் இழுபட்டது. வேறு காமன்ட்டுகளில் அக்காவின் பெயரைக் கேட்டதும் இடமில்லை என்றார்கள். வீட்டில் இருந்து சட்டை திருத்தித் தைத்தார். நாகேந்திரம் அண்ணை ஒவ்வொரு தவணைக்கும் அரைநாள் லீவு போட்டு வருவார். உள்ளே வரமாட்டார், வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருப்பார்.

2022இல் ஒரு தவணைக்கு நானும் லீவு எடுத்துப் போனேன். போகாமல் இருக்கவும் முடியவில்லை, சாட்சி சொல்லத் துணிவும் வரவில்லை. சங்கத்தின் சட்டத்தரணி சுபோதினி, சின்ன வயதுக்காரி, அன்று அக்காவிடம் வழியைச் சொன்னார். மஸாஹிராவைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். நாலு கேள்வியில் உண்மை வந்துவிடும். வேறு ஆள் இல்லை.

"அவளிட்ட என்னத்தைக் கேப்பீங்கள்?" என்றார் அக்கா.

"அண்டைக்கு என்ன நடந்தது எண்டு. ஒவ்வொரு மணித்தியாலமா."

"பிள்ளை செத்த கதையை அவள் ஆக்களுக்கு முன்னால நிண்டு சொல்லவேணும். பிறகு அவளின்ர வேலையும் போகும், புருஷன்ர வேலையும் போகும். அதுக்கோ நான் சங்கம் தொடங்கினனான்?"

அப்படியானால் தோற்போம் என்றார் சுபோதினி. ஓம், தெரியும் என்றார் அக்கா.

தோற்றது. தீர்ப்பு வந்த அன்று அண்ணை வாங்கிலிருந்து எழுந்து அக்காவின் கைப்பையை வாங்கிக்கொண்டார். "நீர் செய்தது சரி" என்றார். சங்க விஷயத்தில் அவர் அக்காவுக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அடுத்த தை மாதம் அண்ணை களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போனார். செத்த வீட்டில் நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். மஸாஹிரா வந்து வாசலிலேயே நின்றாள். அக்கா கண்டுவிட்டு உள்ளே கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்தில் இருத்தினார்.

"அக்கா, நான் கேட்டேன்தானே. மூணு தரம் கேட்டேன்" என்றாள் மஸாஹிரா. "இல்லண்டு எழுதிட்டேன்."

"நீ கேட்டது எனக்குத் தெரியும். எனக்கு நீ சொல்லத் தேவையில்லை, பிள்ளை."

மஸாஹிரா அவருடைய மடியில் முகத்தை வைத்து அழுதாள். ஐந்து மணி வரை அவள் போகவில்லை. நான் தட்டோடு அங்கேயே நின்றேன். எனக்கும் சொல்ல இருந்தது. சொல்லாமல் குசினிக்குத் திரும்பினேன்.

போன வருடம் கிளையின் புதிய செயலாளர் றேணுகா நிர்வாகத்தோடு மாதக்கணக்காக இழுபறிப்பட்டு ஒரு ஒப்பந்தம் எடுத்தார். கர்ப்பிணிகள் கேட்ட உடனே விடவேண்டும், துணைக்கு ஓர் ஆளையும் அனுப்பவேண்டும். நோட்டீஸ் போர்டில் மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறது. அக்காவை அழைத்துக் கூட்டம் வைத்துப் பாராட்ட விரும்பினார்கள். அழைக்கப் போனது நான். முழுக்கக் கேட்டார். நல்லது என்றார். கூட்டத்துக்கு வரவில்லை.

இப்போது அவர் கொச்சிக்கடையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறார். பின்னேரம் வீட்டுக்குப் போக முதலில் வருவது, முன்பு நாங்கள் இருவரும் வேலைக்குப் போன அதே மட்டக்குளி பஸ். அதை விட்டுவிட்டு, பெரும்பாலும் நடந்தே போகிறார்.