ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் சுகர் மாத்திரை

இன்று காலை திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ். பக்கத்து சீட்டில் ஓர் அக்கா. விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலையாம்.

டிபன் பாக்ஸிலிருந்த இட்லியைச் சாப்பிட்டு முடித்தார். பையிலிருந்து சுகர் மாத்திரை அட்டையை எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

நானும் அதே மாத்திரை போடுகிறவள். வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க்கா, போடலையா?"

"இன்னிக்கு கடை இருக்குதும்மா. ஞாயித்துக்கெழம லீவுல போட்டுக்குவேன். போட்டா வயித்த கலக்குது. சேலைய விரிச்சிக் காட்டிக்கினு இருக்கும்போது பாதியில ஓட முடியுமா?"

என் டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். இந்த மாத்திரை குடலில் இருக்கும் பாக்டீரியாக்களையும் மாற்றுமாம். ஆரம்பத்தில் வயிறு முரண்டு பிடிக்கும், பெரும்பாலும் போகப் போகப் பழகிவிடும். மெதுவாகக் கரையும் மாத்திரைகூட இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். இப்படி விட்டு விட்டுப் போட்டால் சுகர் ஏறி, கடைசியில் இதயத்தில்தான் கை வைக்கும்.

"தெரியும்மா. எங்க அண்ணன் அப்படித்தான் நெஞ்சு வலியில போனாரு."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. அவரே சிரித்தார்.

"வயித்துல இருக்கிற பூச்சிங்க பழகிடும்னு சொல்ற, சரி. எங்க சூப்பர்வைசர் பழகுவாரா? ரெண்டாவது தடவ பாத்ரூம் போனாலே கடிகாரத்தப் பாக்குறாரு."

மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த சூப்பர்வைசருக்கு என்ன மாத்திரை? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.