பாய் விரித்து வீடு வரைகிறவர்

"பாயை இன்னும் கொஞ்சம் வடக்க இழுங்க வாத்தியாரே. தலைமாட்டில ஜன்னல் வேண்டாமா?" என்று செல்வதாஸ் கத்துகிறார். வடசேரியில் ஒரு காலி மனை. எருக்கும் முள்ளும் வெட்டி ஒதுக்கிய தரையில், பட்டப்பகலில், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஊர் பார்க்கப் பாயில் மல்லாந்து கிடக்கிறார். பக்கத்துப் பாயில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட அவர் மனைவி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்க்கிறார்கள். செல்வதாஸுக்கு அதெல்லாம் கண்ணில் படுவதில்லை. வெயில் எந்தப் பாயில் எப்போது விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குப் பிளான் போடுவது அவர் தொழில். நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆபீஸ். முன்பு சர்க்கார் உத்தியோகம். மேலே இருந்தவரோடு சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டார். என்ன சண்டை என்று கேட்டால் "அது போட்டும்" என்பார். காதில் பென்சில், முழங்கை தேய்ந்த வெள்ளைக் கோட்டு, ஊருக்கே கேட்கிற குரல். ரகசியம் பேச அவரைக் கூப்பிடக் கூடாது.

யுத்தத்துக்குப் பிறகு கையில் காசு சேர்ந்தவர்கள் எல்லாரும் இப்போது வீடு கட்டுகிறார்கள். திருவனந்தபுரத்திலோ கொழும்பிலோ பார்த்த வீட்டின் போட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு இவர் மாடிக்கு ஏறி வருகிறார்கள். செல்வதாஸ் அதை வாங்கி மேசைமேல் குப்புறப் போடுவார். "அது அவன் வீடுலா? உங்க வீட்டில ஆரு கொறட்டை விடுவா, ஆருக்கு இருமல், ஆரு மொதல்ல எந்திரிப்பா, அதைச் சொல்லுங்க." பாதிப் பேர் அங்கேயே திரும்பி இறங்கிவிடுகிறார்கள்.

மீதிப் பேருடைய பழைய வீட்டுக்கு ஒரு நாள் போவார். முன்கட்டில் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார், நேரே பின்கட்டுக்கு நடப்பார். மழையில் ஒரு முறையும், ஆடிக்காற்றில் ஒரு முறையும் மனையில் போய்த் தனியாக நிற்பார். பிறகு குடும்பத்தோடு மனைக்கு வரச் சொல்வார். அவரவர் பாயை அவரவர் கொண்டுவர வேண்டும், படுக்க விரும்புகிற இடத்தில் விரிக்க வேண்டும். அது முடிகிற வரைக்கும் காகிதத்தில் ஒரு கோடு விழாது.

ஊர் இவரைக் கிறுக்கு என்கிறது. கட்டி முடித்த பிறகு கட்டிலில் கதவு இடிக்கிறது என்று தலையில் அடித்துக்கொள்கிற ஊர், கட்டுமுன் படுத்துப் பார்க்கச் சொல்கிறவரைக் கிறுக்கு என்கிறது. எனக்கு இந்த ஊர்மேல்தான் கோபம். அவர் வேலை செய்வதைப் பார்க்கலாம் என்று போன மாதம் அவரோடு தோவாளைக்குப் போய்வந்ததிலிருந்து அந்தக் கோபம் எனக்கு அடங்கவே இல்லை.

அங்கே கோலப்பன் என்ற தேங்காய் மொத்த வியாபாரி, ஆரல்வாய்மொழிக்குப் போகிற ரோட்டோரம் மனை வாங்கியிருக்கிறார். அவருடைய பழைய வீட்டுக்குச் செல்வதாஸ் ஏற்கெனவே போயிருந்தார். வேதக்காரர், கிறிஸ்தவர் என்று அடுக்களை வாசலோடு நிறுத்திவிட்டார்களாம். நின்ற இடத்திலிருந்தே அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்.

மனையில் அன்று பாய்கள் வரிசையாக விரிந்தன. கோலப்பனுக்கும் மனைவிக்கும் கிழக்கே. மூத்த மகனுக்கு மாடியில் வருமாம், இப்போதைக்குத் தரையில். இளையவனுக்கு ஒன்று. மனையின் முகப்பில் பாய்க்குப் பதில் தென்னோலையில் முடைந்த நாலு கிடுகு விரித்திருந்தார்கள். கோலப்பனின் தங்கை நாகம்மை, எல்லாருக்கும் சோற்று வாளியைச் சுமந்து வந்தவள், புளியமரத்தடியில் நின்றாள். இளம் வயதிலேயே தாலி அறுத்துத் திரும்பி வந்து, அந்த வீட்டு அடுப்பை அன்றிலிருந்து அணையாமல் காப்பவள்.

செல்வதாஸ் பாய்களைச் சுற்றி நடந்தார். "அண்ணாச்சி, அம்மிக்குப் பொறத்த ஒரு பாய் சுருட்டி வச்சிருந்துதே, அது எங்க?"

"அது நாகம்மைக்க பாய்லா. அதை எதுக்கு இஞ்ச கொண்டு வரணும்?"

"அவங்களுக்கு எங்க அறை?"

"அவளுக்கு என்னத்துக்கு அறை? ஒத்தக்கட்டை. அடுக்களையில அடுப்புச் சூட்டில மொடங்கிக்கிடுவா."

செல்வதாஸ் கிடுகைக் காட்டினார். "இது ஆருக்கு?"

"காருக்கு. போர்ட்டிகோ வேணும்லா?"

"காரு எங்க?"

"வாங்குவோம்."

செல்வதாஸின் குரல் ரோட்டில் போன வண்டிமாட்டையே மிரள வைத்தது. "வாங்காத காரு மழையில நனையப்பிடாதுன்னு எடம் கேக்கியளே அண்ணாச்சி, சோறு வடிச்சுப் போட்ட மனுஷிக்கு நாலு செவரு கேக்க வாய் வரல்லியா?"

கோலப்பனின் மனைவி மலையைப் பார்த்தாள். மகன்கள் தரையைப் பார்த்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தக் குடும்பத்தில் மருமக்கள்வழி முறையில் சொத்தே சகோதரி வழியாக அவள் பிள்ளைகளுக்குத்தான் இறங்கியது. சட்டம் மாறியது, நியாயம்தான், பெற்ற மக்களுக்கும் சொத்துப் போகட்டும். தங்கை படுக்கக் கூட இடம் இல்லை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

"வரையத்தான் உம்மை விளிச்சேன். குடும்பக் காரியம் பேச இல்லை," என்றார் கோலப்பன்.

"குடும்பக் காரியம் இல்லாம வீடுன்னா பொறவு என்னது ஓய்?" அண்ணாச்சி போய் ஓய் வந்துவிட்டது. செல்வதாஸ் அவரை விட்டுவிட்டு மரத்தடிக்கு நடந்தார். "அக்கா, உங்களுக்கு எங்க வேணும்?"

"எனக்கு எங்கயானாலும் செரி."

"எங்கயானாலும்னு ஒரு எடம் என் பிளான்ல கெடையாது." அவளிடமும் கத்தினார். "இந்த மனையில ஒரு எடத்தைச் சொல்லுங்க."

நாகம்மை அண்ணனைப் பார்த்தாள். சோற்று வாளியைக் கீழே வைத்தாள். கேட்டே பழக்கமில்லாதவள், எதைக் கேட்பது என்று தேடுகிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"அறை எங்கயும் இருக்கட்டும். உள்ளுக்குள்ள ஒரு தாழ்ப்பாள் இருந்தா கொள்ளாம்," என்றாள் மெதுவாக. "அடுக்களைக் கதவுக்கு வெளியதான் கொண்டி. ராத்திரி ஆரு தண்ணி குடிக்க வந்தாலும் எந்திரிச்சு ஒதுங்கணும். சேலை மாத்தணும்னா மாட்டுத் தொழுத்துக்குத்தான் போவேன்."

கோலப்பன் கனைத்தார். "ஏட்டி, இதையெல்லாம் இஞ்ச வச்சா பேசுவே?"

வீட்டில் வைத்துப் பேச அவளுக்கு எந்த இடம் இருந்தது? கேட்க வாயெடுத்தேன். செல்வதாஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வெட்டுக்கல் குவியல்மேல் படம் வரைகிற பலகையைச் சாய்த்து வைத்துக் காகிதத்தைப் பொருத்தினார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

சுவர் போடவில்லை, போர்ட்டிகோ போடவில்லை. வெற்றுக் காகிதத்தின் நடுவில் ஒரு கதவு வரைந்தார். கதவின் உள்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள். பிளானில் தாழ்ப்பாள் வரைகிற வழக்கம் கிடையாது. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரிகிற அளவுக்குப் பெரிதாக வரைந்தார்.

"ஓய், கூலி குடுக்கது நானாக்கும். இஞ்ச காட்டும்," என்று கோலப்பன் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

செல்வதாஸ் பலகையைத் தூக்கி, அவரைத் தாண்டி, நாகம்மைக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்தார்.