எங்கும் நிற்காத கப்பலுக்கு நான்கு பாஸ்போர்ட்

1. வாசனை

புதிய பாஸ்போர்ட்டைப் பிரித்தால் பள்ளி திறக்கும் நாளின் பாடப்புத்தக வாசனை வரும். பசை, மை, யாரும் இன்னும் எச்சில் தொட்டுத் திருப்பாத தாள். போன மாதம் என்னுடையதைப் புதுப்பித்து வாங்கியதும் இமிகிரேஷன் வாசலிலேயே மூக்கருகே கொண்டுபோனேன். பின்னால் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு கலைவாணியும், அவள் கணவர் மணியமும், அவர்கள் ஏறாத ஒரு கப்பலும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

ஜொகூர் பாருவின் தம்போயில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் பத்தொன்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் டயர் கடை, மறு பக்கம் சாப்பாட்டுக் கடை. அதனால் எங்கள் சுவரில் ஒட்டியிருந்த எல்லாக் கடல்களிலும் ரப்பரும் மீன் குழம்பும் மணக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு டிக்கெட் போடும் சிஸ்டத்தை யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். சிஸ்டத்தில் இல்லாத ஒன்றை நான் தெரிந்துகொண்டது இந்தக் குடும்பத்திடம்.

எங்கள் பாஸ் ஹனிபா வாழ்நாளில் கப்பல் ஏறியவர் அல்லர். படத்தைப் பார்த்தாலே தலை சுற்றும் என்பார். ஆனால் கப்பல் விற்பதில் அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. “கப்பல விக்காதம்மா. அத பாத்து அவன் அண்ணன் பொண்டாட்டிக்கு வயிறு எரியும்ல, அந்த எரிச்சல வில்லு.” கலைவாணி வந்த வருஷம் எங்கள் கடையின் பெரிய சரக்கு, சிங்கப்பூரில் ஏறி மூன்று இரவு கடலைச் சுற்றிவிட்டுச் சிங்கப்பூரிலேயே இறங்கும் குரூஸ். எந்த ஊரிலும் நிற்காது. நின்றால் செலவு. எங்கும் போகாமல் திரும்புவதை வீட்டில் செய்தால் சோம்பல் என்கிறோம். நடுக்கடலில் செய்தால் பேக்கேஜ்.

2. சட்டப்படி, வீட்டுப்படி

ஒரு நாள் காலை, கடை திறந்து ஏர்கோன் இன்னும் குளிராத நேரத்தில், கலைவாணி தனியாக வந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது. உட்காரும்போதே நாற்காலியின் ஆட்டத்தைக் கண்டுபிடித்து, காலடியில் அட்டையை மடித்து வைத்தாள். பதினெட்டு வருஷம் ஃபேக்டரியில் கியூசி, அதாவது சரக்கில் குறை பார்க்கிற வேலை. கை சும்மா இருக்காது.

அந்த ஃபேக்டரியை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. பழைய சூப்பர்வைசர் அந்தப் பக்கம், சிங்கப்பூரில், வேலைக்குச் சேர்ந்துவிட்டு இவளைக் கூப்பிட்டிருக்கிறார். லைன் லீடர் வேலை. மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் நம்பர் அனுப்பினால் வேலை பெர்மிட்டுக்குப் போடுவார்கள். அனுப்பாவிட்டால் வேறு ஆள். கலைவாணிக்குப் பாஸ்போர்ட் இல்லை. அவள் வீட்டில் யாருக்குமே இல்லை.

இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் தாமானில், அதாவது குடியிருப்பில், விடிவதற்குள் வரிசை வீடுகளின் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் சிங்கப்பூர்ப் பாலத்தைப் பார்த்துக் கிளம்பிவிடும். சாயங்காலம் டாலரும் இடுப்பு வலியுமாகத் திரும்பி வரும். அந்த வரிசையில் ஒரே ஒரு வீடு மட்டும் நின்ற இடத்தில் நின்றது. மணியம் பக்கத்து லோரி வொர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். மெக்கானிக்கை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பாஸ்போர்ட் நுழைந்த வீட்டில் அடுப்பு எரியாது, அப்பா முகம் பிள்ளைக்கு மறந்துபோகும் என்பது அவர் கட்சி. கட்சிக்கு அவர் ஒருவர்தான் உறுப்பினர், ஆனால் தலைவரும் அவர்தான்.

நான் விதியைச் சொன்னேன். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்துக்கொண்டு போனால் போதும், பெரியவர்களுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம், அனேகமாக அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள் என்றேன். சட்டப்படி அவளுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. வீட்டுப்படிதான் தேவை.

“தெரியும்கா. ஆனா ஒளிச்சு எடுத்தா அது பாஸ்போர்ட்டு இல்ல, திருட்டுப் பொருளு. அலமாரியில எங்க வச்சாலும் கண்ணுல குத்தும்” என்றாள். “நாலு பேருக்கும் சேத்து எடுத்துட்டா என்னுது மட்டும் தனியாத் தெரியாது.”

அதற்காகத்தான் கப்பல். குடும்பத்தோடு ஒரு குரூஸ் போகலாம் என்று பிள்ளைகள் இரண்டையும் கிளப்பிவிட்டிருந்தாள். எந்தக் கப்பல், எந்தக் கேபின் என்று நான் புரோஷரை விரித்தேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

“எதுன்னாலும் சரிக்கா. ஐசி காட்டி ஏறுற கப்பலு மட்டும் வேணாம்.”

3. லங்காவி என்னும் ஆபத்து

இரண்டு நாள் கழித்து மணியத்தை அழைத்துக்கொண்டு வந்தாள். நகக்கண்ணில் கிரீஸ், சட்டைப் பையில் டெஸ்டர், முகத்தில் எதையும் வாங்குவதில்லை என்ற முடிவு. நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் தொழிலில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“ஏன்கா, எங்கயும் நிக்காத கப்பலுக்கு எதுக்கு பாஸ்போர்ட்டு?”

ஏறுவதே சிங்கப்பூரில் என்று சமாளித்தேன். அப்படியானால் ஏறவே வேண்டாம், நம் நாட்டு லங்காவிக்கே ஃபெரி போகிறது, அதுவும் கடல்தான், அதுவும் ஆடும், ஐசி போதும், இறங்கினால் கோழிச் சோறு கிடைக்கும் என்றார். கலைவாணி என்னைப் பார்த்தாள். மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த ஃபெரி புறப்பட்டால் அவள் வேலை அதோடு போய்விடும்.

நான் லங்காவியைக் கொஞ்சம் அவதூறாகப் பேசினேன். ஃபெரியில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள், வெயில், கூட்டம். அந்தத் தீவு எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. போன நான்கு முறையும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மணியம் அசையவில்லை. அப்போது உள் அறையிலிருந்து பாஸ் வெளியே வந்தார். என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நான்கு பேக்ஸ், எங்கள் பாஷையில் நான்கு தலை, கை நழுவுவது மட்டும் தெரிந்தது. எந்த ஊர்க்காரர் என்று விசாரித்தார். சொந்த ஊர் சாஆ, அண்ணன் குடும்பம் இன்னும் அங்கேதான் என்றார் மணியம்.

“சாஆவா? போன வாரம்கூட சாஆலருந்து ஒரு குடும்பம் இதே கப்பலத்தான் கேட்டுட்டுப் போனாங்க” என்று சொல்லிவிட்டுப் பாஸ் உள்ளே போனார்.

மணியத்தின் நெற்றியில் அண்ணனும் அண்ணியும் கைகோத்துக்கொண்டு கப்பல் ஏறுவதை நானே பார்த்தேன். பிறகு பாஸிடம் யார் அந்தச் சாஆ குடும்பம் என்று கேட்டேன். யாராவது கேட்டிருப்பார்கள் லா, இத்தனை பேர் வருகிறார்கள், ஒருத்தன்கூடவா சாஆக்காரனாக இருக்க மாட்டான் என்றார்.

எழுந்து போகும்முன் மணியம் மேசையில் கையை ஊன்றி நின்றார். குரல் மாறியிருந்தது.

“அக்கா, இந்தப் பாஸ்போர்ட்டு கப்பலுக்கு மட்டும்தானே?”

கலைவாணி சுவரில் இருந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேருக்கு ஜன்னல் இல்லாத கேபினை ‘அமைதியான ரூம்’ என்று விற்றிருக்கிறேன். நாக்கு அந்தப் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

“கப்பலுக்குத்தான் தம்பி” என்றேன்.

பாஸ்போர்ட் எடுக்கப் போன நாளைப் பற்றிக் கலைவாணி பிறகு சொன்னாள். படத்துக்குக் கறுப்புச் சட்டைகளைத் தேடி வீட்டைப் புரட்டியது, மகன் சிரிக்காமல் நிற்க மறுத்தது எல்லாம் தாண்டி, மணியத்தின் கட்டைவிரலை இயந்திரம் படிக்கவில்லை. முப்பது வருஷமாக நட்டும் போல்ட்டும் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? துடைத்தார்கள், மறுபடி வைத்தார்கள். அவர் பொறுமை இழந்து, விட்டுத் தொலை, வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்துவிட்டால் நான்கும் போய்விடும். கலைவாணி தன் சேலைத் தலைப்பில் அந்த விரலைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கியிருக்கிறாள். நாலாவது தடவையில் பச்சை விளக்கு. “கல்யாணத்துல கூட அவரு விரல அப்டிப் புடிச்சதில்லக்கா” என்றாள். அன்று சாயங்காலமே நம்பரை அனுப்பிவிட்டாள்.

4. சர்நேம்

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் இருவரும் எதிர்பார்க்கவில்லை. மணியத்துக்குக் கப்பல் பிடித்துப்போய்விட்டது.

பாஸ்போர்ட் எடுக்காதே என்று வரிசை வீடுகளுக்கு உபதேசம் செய்தவர், அதை எல்லா வீட்டிலும் காட்டினார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தொப்பி வாங்கினார். வொர்க்‌ஷாப்பில் லோரிக்கு அடியில் படுத்துக்கொண்டு பஃபே நேரத்தைப் பற்றிப் பேசினாராம். சாஆவுக்கு போன் போட்டு, அண்ணனிடம் கப்பலில் எந்த டெக்கில் ரூம் என்று விசாரித்திருக்கிறார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. தெரியாத மாதிரி நடிக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார்.

கலைவாணிக்குப் பெர்மிட் வந்தது. வேலையில் சேர வேண்டிய நாள் அடுத்த இரண்டாவது வாரம். பள்ளி விடுமுறைக்கு நாங்கள் பார்த்து வைத்திருந்த கப்பல் அதற்கு ஐந்தாவது நாள் புறப்படுகிறது. புதிதாகச் சேர்ந்த இடத்தில் லீவு கேட்க முடியாது. நானே வீட்டில் சொல்லிவிடுகிறேன், நல்ல நேரம் பார்க்கிறேன் என்று எனக்கு மெசேஜ் அனுப்பினாள். அவள் நேரம் பார்த்துக்கொண்டிருந்த மறுநாள் மத்தியானமே மணியம் தொப்பியோடு கவுண்டருக்கு வந்துவிட்டார். நான்கு பாஸ்போர்ட்டும் ரப்பர் பேண்ட் போட்டு பிளாஸ்டிக் பையில். முழுப் பணமும் கையில். கட்டினால் ஒரு காசு திரும்பாது.

உள் அறைக் கதவு திறந்திருந்தது. பாஸின் மூக்குக் கண்ணாடி என் பக்கம் திரும்பியிருந்தது.

நான் டைப் அடித்தேன். உண்மையில், அடிப்பதுபோல் இருந்தேன். கப்பல் கம்பெனியின் சிஸ்டம் சர்நேம் கேட்கும். நமக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரைப் போட்டால் கலைவாணிக்கு ஒன்று, மணியத்துக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஒரே கேபினில் எப்படித் தங்குவார்கள், இவர்களுக்குள் என்ன உறவு என்று சிஸ்டம் சிவப்பில் கேட்கும். வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் சரிசெய்வேன். அன்று கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மேசைக்கடியில் ஒரு கையால் கலைவாணிக்கு ‘உடனே வா’ என்று அனுப்பினேன். கம்ப்யூட்டர் நீங்கள் ஒரே குடும்பம் என்று நம்ப மாட்டேன் என்கிறது தம்பி என்றேன். கல்யாண சர்டிபிகேட் வேண்டுமானால் கொண்டு வரட்டுமா என்று அவர் அக்கறையாகக் கேட்டார். அந்த அக்கறை என்னை மிகவும் சிரமப்படுத்தியது.

கலைவாணி ஸ்கூட்டரில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், கியூசி ரிப்போர்ட் வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வேலை, பெர்மிட், தேதி. மாதக் கடைசிக்காகத்தான் கப்பல் என்பதையும் சொன்னாள். பக்கத்துக் கடையில் யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மணியம் என்னிடம்தான் திரும்பினார். “நீங்க கப்பலுக்குத்தான்னு சொன்னீங்க.”

“ஆமா தம்பி” என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஏன் வாணி, எங்கிட்ட கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருவேன்னு பயமா?”

“சொல்லியிருப்பீங்கதானே?”

யோசித்தார். நேர்மையான மனிதர். “சொல்லியிருப்பேன்” என்றார்.

பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றினார். நான்கையும் பிரித்துப் பார்த்து, அவள் படம் இருந்ததை எடுத்துத் தனியே வைத்தார். கிழித்துவிடுவாரோ என்று நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அவர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மழையில் நனையாதபடி வாயை இரண்டு மடிப்பு மடித்து, அவள் ஹெல்மெட்டுக்குள் வைத்தார். மற்ற மூன்றையும் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

பாஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வெளியே வந்து, டிசம்பரில் இன்னொரு கப்பல் இருக்கிறது, பால்கனி கேபின், பழைய விலை என்றார். அன்று மாலை என்னிடம் சொன்னார்: “கப்பல விக்கச் சொன்னா, நீ பாஸ்போர்ட்ட வித்திருக்கே. அதுல நமக்கு ஒரு சென் உண்டா?” உண்மைதான். அதுவும் அடுத்தவர் ஆபீஸ் சரக்கு.

பிள்ளைகளே, நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். கவுண்டருக்கு வருகிறவர் சொல்லும் ஊரை சிஸ்டத்தில் அடிக்கலாம். ஆனால் ‘இதுக்கு மட்டும்தானே’ என்று ஒருவர் கேட்டால், அது டிக்கெட்டைப் பற்றிய கேள்வி அல்ல. தெரியாது என்று சொல்லுங்கள், வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். நான் சொன்ன இரண்டு வார்த்தையை எந்தக் கம்பெனியும் ரீஃபண்ட் செய்யாது.

அவர்கள் கிளம்பினார்கள். நானும் வாசல்வரை போனேன். மணியம் வொர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும், கலைவாணி வீட்டுக்கு. அவள் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, காலையில் ஃபேக்டரி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நாலரைக்கு என்றாள்.

“நாலரைக்கா? அப்ப பிள்ளைங்களுக்குக் காலைல பசியாற யாரு பண்றது?”

“நீங்கதான்.”

“எனக்கு மைலோ மட்டுந்தான் கலக்கத் தெரியும்.”

கலைவாணி பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்து, ஹெல்மெட்டை மாட்டி வாரை இழுத்துவிட்டாள்.

“இன்னும் ரெண்டு வாரம் இருக்குல்ல, இன்னிக்கு ராத்திரி தோசைலருந்து ஆரம்பிங்க.”