என் தலைப்பாகையில் ஒரு பொம்மை

முப்பதுகளில் ஊர் ஊராக மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போன வருஷம் அது. அப்போது நான் இலங்கையில் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணி.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். இடுப்பில் ஒரு துண்டோடு கப்பலேறி வந்து, புல் வெட்டி, ரப்பர் பால் வெட்டி, மீசை நரைக்குமுன் கங்காணித் தலைப்பாகை கட்டியவன். இன்று இரத்தினபுரியில் எனக்கு இரண்டு கடை, ஒரு லொறி. எதையும் யாரிடமும் கைகட்டி நின்று வாங்கவில்லை. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு என் பேரப்பிள்ளைகளுக்குக் காது புளித்திருக்கும். ஆனால் இப்போது எழுதுவதை அவர்களுக்குச் சொன்னதே இல்லை.

என் சம்சாரம் அந்தக் காய்ச்சலில்தான் போனாள். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தின் கசப்பு தாளாமல், வாயில் வாங்கி வாங்கித் துப்பிக்கொண்டே போய்விட்டாள். காரியம் முடிந்ததும் அவளுடைய சேலை, ரவிக்கை, சவுரி முடி எல்லாவற்றையும் ஓயா ஆற்றில் விட்டுவிடச் சொன்னேன். கண்ணில் பட்டால் பிள்ளை ஏங்கும் என்று எனக்கு நினைப்பு. அவற்றை எடுத்துக்கொண்டு போனது, எங்கள் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், அடுத்த அறையில் இருந்த பக்கத்துக் காம்பராப் பெண். என் சம்சாரத்தோடு ஒரே கப்பலில் வந்தவள். தோட்டமே என்னைக் கங்காணி என்றபோது அவள் மட்டும் 'அண்ணே' என்பாள்.

துக்கம் ஆறுமுன்பே எங்கள் ஒரே மகளுக்கும் காய்ச்சல் கண்டது. ஐந்தாறு வயசுப் பிள்ளை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஒரு வேளை மருந்து தவறினாலும் அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது, கங்காணி."

பக்கத்துக் காம்பராப் பெண் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன்னும், வேலைவிட்டு வந்த பிறகும் மருந்து ஊட்டுவாள். நான் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பேன். உள்ளே இருவரும் குசுகுசுவென்று பேசுவது கேட்கும். பிறகு பார்த்தால் கிண்ணம் காலி. தாயால் குடிக்க முடியாததை மகள் குடிக்கிறாளே என்று லயத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

"எல்லாம் எம்மேல இருக்கிற பயம்," என்று மீசையைத் தடவிக்கொண்டேன். "ஒரு அதட்டுப் போட்டேன், கத முடிஞ்சிச்சி!"

ஒரு நாள் மத்தியானம் நான் சீக்கிரம் திரும்பிவிட்டேன். பிள்ளைக்கு வேர்த்துப் பாய் நனைந்திருந்தது. மாற்றலாம் என்று தலையணையைத் தூக்கினேன். அடியில் ஒரு துணிப்பொம்மை.

சாண் நீளம். தலையில் நிஜமான மனுஷ முடி. இடுப்பில் சிவப்பு நூல் இறுக்கிக் கட்டியிருந்தது. நெஞ்சில் ஒரு ஊக்கு. வாயைச் சுற்றி ஏதோ கறை காய்ந்துபோய் இருந்தது. சூனியம்! நான் கங்காணியானது பிடிக்காத எவனோ சம்சாரத்தை முடித்துவிட்டுப் பிள்ளைமேல் கைவைத்திருக்கிறான் என்று ஒரே நிமிஷத்தில் முடிவுகட்டிவிட்டேன்.

லயத்து ஆட்களைச் சத்தம் போட்டுக் கூட்டினேன். வாசலில் நெருப்பு மூட்டி, காய்ந்த மிளகாயும் உப்பும் அள்ளிப் போட்டு, பொம்மையை அதில் எறிந்தேன். உள்ளே பிள்ளை "அம்மா! அம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

"பாத்தீங்களா, சூனியம் எறங்குது!" என்றேன் நான்.

பால் வாளியோடு பக்கத்துக் காம்பராப் பெண் ஓடிவந்தாள்.

"ஐயோ அண்ணே, அத ஏன் போட்டீங்க? நாந்தான் வச்சேன். புள்ள மருந்து..."

"நீதான் வச்சியா? கேட்டுக்கங்க எல்லாரும், அவ வாயாலயே சொல்லிட்டா! தின்ன வீட்டுக்கே சூனியம் வச்சவ!"

"நான் சொல்றத ஒரு நிமிசம்..."

"ஒன் பேச்சே வேணாம். இனி எங்க வாசப்படி மிதிச்ச, கால ஒடிச்சிருவேன்."

"ஒரு கப்பல்ல வந்தவளாம்," என்று கூட்டத்தில் ஒரு கிழவன் காறித் துப்பினான். அவள் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் நானே மருந்துக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அதட்டினேன். கெஞ்சினேன். மூக்கைப் பிடித்துக்கூட ஊற்றிப் பார்த்தேன். எல்லாம் வெளியே வழிந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. தாய்க்கு நடந்ததே கண்முன் மறுபடி நடப்பது போல இருந்தது.

"ஏம்மா குடிக்கமாட்டேங்கிற?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அம்மா மொதல்ல குடிக்கணும்," என்றது பிள்ளை. "அம்மா துப்பாமக் குடிச்சா நானும் குடிப்பேன். நீங்கதான் அம்மாவ எரிச்சிட்டீங்களே."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த முடி என் சம்சாரத்தின் சவுரி. அந்தத் துணி அவள் சேலைத் தலைப்பு. வாயைச் சுற்றியிருந்தது, ஒவ்வொரு வேளையும் என் மகள் அந்தத் தாய்க்கு ஊட்டிய கொய்னாக் கறை. நான் சேலையைப் பார்த்தால் ஏசுவேன் என்றுதான் இருவரும் அதைத் தலையணைக்கடியில் ஒளித்திருக்கிறார்கள்.

பக்கத்துக் காம்பராக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். மருந்துக் கிண்ணத்தை நீட்டினேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து வந்துவிட்டாள்.

"வேற சேலத் துண்டு இல்லீங்க. ஒங்க தலப்பாவக் குடுங்க, கங்காணி ஐயா."

கங்காணி ஐயா. அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. தலைப்பாகையை அவிழ்த்துக் கொடுத்தேன். நான் தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் மடித்து வைத்துக்கொள்ளும் துணி. அவள் அதைச் சரக்கென்று கிழித்து, பஞ்சு திணித்து, கரியால் கண் வைத்தாள். என்ன நினைத்தாளோ, மீசையும் வைத்தாள்.

பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இது அம்மா இல்ல. அப்பா."

கரண்டியைப் பொம்மையின் வாயருகே கொண்டுபோய் மெதுவாகச் சொன்னது: "குடிங்க அப்பா. பயப்படாதீங்க. ஒங்கள நெருப்புல போடமாட்டேன்."

பிறகு தானும் குடித்தது. நான் வெளியே போய்ச் சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை பிழைத்தது. ஆனால் லயமே கேட்கச் சூனியக்காரி என்றவன், லயமே கேட்க அது பொய் என்று சொல்லவில்லை. அவளிடம் தனியாக, "மனசுல வச்சிக்காத" என்றேன். பெரட்டுக்களத்தில் நாலு பேர் முன்னால் சொல்லக் கங்காணிக் கௌரவம் விடவில்லை. தாய்மார் அவளைக் கண்டால் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் அவள் நிவித்திகலப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

பல வருஷம் கழித்து என் கடைக்கு ஒரு நாள் சாமான் வாங்க வந்தாள். பிள்ளையின் சுகத்தை விசாரித்தாள். நான் அவள் கூடையில் எதையெதையோ இனாமாக எடுத்து வைத்தேன். அவள் கேட்டதற்கு மேலே இருந்ததையெல்லாம் எடுத்துத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, "வர்றேங்க முதலாளி" என்று படி இறங்கினாள்.

கடையும் லொறியும் நான் பாடுபட்டுச் சம்பாதித்தவை. பாடே படாமல் எனக்குக் கிடைத்திருந்தது 'அண்ணே' என்ற அந்த ஒரு சொல்தான், அதைத்தான் அன்று மிளகாயும் உப்பும் போட்டு என் கையாலேயே கொளுத்தினேன்.