எறும்பு மொய்த்த பர்ஸ்

ஜாசின் ஞாயிறு சந்தையில் நானும் ஸ்டெல்லாவும் அடுத்தடுத்த மேசைகளில் தோல் பர்ஸ் விற்கிறோம். அவள் தைக்கும் பர்ஸின் ஓரங்கள் கண்ணாடி மாதிரி மினுங்கும். என்னுடையதைத் தொட்டுப் பார்ப்பவர்கள்கூட அவளிடம்தான் வாங்குவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஓரத்தில் அவள் தேய்க்கும் தேன்மெழுகுதான் காரணம் என்று தெரியும். எங்கே வாங்குகிறாள் என்று கேட்க மனம் வரவில்லை. ஒருநாள் ரெம்பியாவில் ஒரு தேன்காரரிடம் அவள் மெழுகு வாங்குவதை பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டேன். மறுநாளே போய் நானும் ஒரு கட்டி வாங்கினேன். தேன் வாசனை தூக்கியது. அசல் சரக்கு என்று பூரித்துப்போய் எல்லாப் பர்ஸிலும் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் பர்ஸைக் கையில் எடுத்த பெண், "ஐயோ!" என்று உதறினாள். ஓரமெல்லாம் எறும்பு.

ஸ்டெல்லா ஓடி வந்து தட்டிவிட்டாள். "அக்கா, மெழுகுல தேன் ஒட்டியிருக்குலா. சுடுதண்ணியில உருக்கி, துணியில வடிகட்டணும். என்னைக் கேட்டிருக்கலாம்லா!"

அந்தப் பெண் அவளிடமே வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போதெல்லாம் மெழுகை வடிகட்டி, ஒரு துண்டை எறும்பு ஊரும் சுவரோரம் வைத்துப் பார்க்கிறேன். எறும்பு சீண்டாவிட்டால்தான் தோலில் தேய்ப்பேன். என் பர்ஸும் மினுங்குகிறது. அவளுடையது இன்னும் கொஞ்சம் கூடுதலாக மினுங்குகிறது. எப்படி என்று செத்தாலும் கேட்கமாட்டேன்.