சுண்ணாம்புக்கல் என்று சொல்லாதவன்

“மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கப்புறம் அடக்கம்” என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து ஜமாலின் மகன் போன் செய்தபோது, நான் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் இருந்தேன். காற்று மோசம், ஹெலிகாப்டர் வராது என்றார்கள். அவனோடு வேலை பார்த்த உங்களில் பலர் அடக்கத்துக்கு மையவாடிக்குப் போயிருப்பீர்கள். நான் இங்கே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவன் என்றே எழுதுகிறேன். ‘அவர்’ என்றால் வேறு யாரையோ சொல்வதுபோல இருக்கிறது.

தொண்ணூறுகளில் வளைகுடாப் பாலைவனத்தில் ஒரே ரிக்கில் இருந்தோம். நானும் அவனைப்போல டெல்டாக்காரன், ஊர் குத்தாலம். இருவரும் ஜியாலஜி படித்தவர்கள். கிணற்றிலிருந்து மேலே வரும் துகளைக் கழுவிப் பார்த்து, என்ன பாறை என்று சொல்வது எங்கள் வேலை. மணற்கல் என்றால் கண்ணுக்கே தெரியும். வண்டல்கல்லா, களிக்கல்லா என்பதில்தான் தகராறு. அதை முன்பல்லில் கடித்துப் பார்ப்போம்: நறநறவென்றால் வண்டல், வழுக்கினால் களி. ரமலான் வந்துவிட்டால் ஜமால் வாயில் எதையும் வைக்க மாட்டான். “நான் நோன்பு. நீ கடி மாப்ளே” என்று தட்டை என் பக்கம் தள்ளுவான். “உன் நோன்புக்கு நான் கல்லு திங்கணுமா?” என்பேன். “சாயங்காலம் கஞ்சி தர்றேன்ல, பேசாம கடி” என்பான். நோன்புக் கஞ்சியில் முதல் கிண்ணம் எனக்குத்தான்.

எங்கள் சமையல்காரர் சேலத்துக்காரர். “உங்க ஊர்ல எறியக்கூட ஒரு கல்லு கெடையாது, நீங்க கல்லு படிச்சவங்களா?” என்று ஒருநாள் கிண்டல் செய்தார். ஜமால் விடவில்லை. “எங்க ஊரே பாறைதாங்க, இன்னும் ஆவல. ஆறு வேகமா வர்ற எடத்துல மணலப் போடும், வேகம் கொறஞ்சா வண்டல், கடைமடையில எங்களுக்குக் களி. அதுமேல இன்னும் இன்னும் ஏறி அமுக்கணும், தண்ணி பிழிஞ்சு போவணும், இடுக்குல சுண்ணாம்பு மாதிரி எதாச்சும் பூந்து ஒட்டணும். அப்பறம் வந்து பாருங்க.” பிறகு என்னிடம் திரும்பி, “நம்மளையும் இங்க அப்படித்தான் போட்டு அமுக்குறானுங்க” என்றான். எங்கள் பாஸ்போர்ட் கம்பெனியின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது.

அப்படி ஒரு நோன்பு மாதத்தில்தான் அவன் அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது, உடனே வா என்று தகவல் வந்தது. மேலாளரிடம் கெஞ்சினோம். சுண்ணாம்புக்கல் வந்து, அதில் இரும்புக் குழாயை இறக்கிச் சிமெண்ட் போட்ட பிறகுதான் பாஸ்போர்ட் என்று சொல்லிவிட்டார். சல்லடையில் வந்ததெல்லாம் களிக்கல். பார்த்துப் பார்த்து எனக்கே மூச்சு முட்டியது.

ஒரு மதியம் அமிலத்துளி பட்டதும் துகள் பொங்கியது. சுண்ணாம்பு இருந்தால்தான் அப்படிப் பொங்கும். “வந்திருச்சு! கெளம்புய்யா ஊருக்கு!” என்று கத்தினேன். மேலாளரும் ஓடி வந்தார். ஜமால் துகளைக் கிண்ணத்தில் போட்டு, அமிலத்தை நிறைய ஊற்றிவிட்டுக் காத்திருந்தான். சுண்ணாம்புக்கல் என்றால் ஏறக்குறைய முழுதும் கரைய வேண்டும். நுரை அடங்கியபோது பாதிக்குமேல் சேறு கிடந்தது. சுண்ணாம்பு கலந்த களிதான். அதில் குழாயை நிறுத்தினால், கீழே அடைபட்டிருக்கும் வாயு அந்த இளகின சுவரைப் பிய்த்துக்கொண்டு மேலே வரலாம். ரிக்கில் அத்தனை பேர் இருந்தோம். “பொங்குகிறதே, எழுதிவிடேன்” என்றார் மேலாளர், அவருக்கும் அவசரம். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மாவப் போய்ப் பாருய்யா” என்றேன்.

“இது சுண்ணாம்புக்கல் இல்ல” என்றான்.

தோண்டிக்கொண்டே இருந்தார்கள். சுண்ணாம்புக்கல் வருமுன்னே அம்மா போய்விட்டார். ஜமால் எங்கள் தகரக் கொட்டகைச் சுவரில் தலையை முட்டி முட்டி அழுதான். வெளியே போக ஓர் இடமில்லை, சுற்றிலும் மணல்தான்.

அவன் அதற்காக ஒருநாளும் வருந்தவில்லை என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். ஊர் திரும்பி வெகுகாலம் கழித்து, மகள் நிக்காஹ் பந்தலில் என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னான்: “அன்னைக்கு சுண்ணாம்புக்கல்னு சொல்லியிருந்தா அம்மா மொகத்தப் பாத்திருப்பேன் மாப்ளே. யாருக்கும் ஒண்ணும் ஆவாமக்கூட இருந்திருக்கும். தெனம் அதுதான் அறுக்குது.”

“மறுபடி அப்படி ஒரு நாள் வந்தா சொல்லுவியா?” என்று கேட்டேன்.

பந்தக்காலைப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “மாட்டேன்” என்றான்.

அழுதுகொண்டே அவன் சொன்ன அந்த ‘மாட்டேன்’தான் இனி எனக்கு ஜமால்.